மொட்டையான போல்ட்: வைஸ் கிரிப்பா, ஈஸி அவுட்டா, வெல்டிங்கா, போமனா?

வீட்டுல காடி வேலை செய்யிற யாரா இருந்தாலும் ஒரு நாள் இந்த இடத்துல வந்து நிப்பாங்க, ஸ்பானர் சுத்துது ஆனா போல்ட் சுத்தல. பிரேக் பேட் மாத்திரலாம்னு சாயங்காலம் ஜாக் போட்ட வேலை ராத்திரி பத்து மணிக்கு கைபோன் லைட்டுல கொசுக்கடியோட இழுத்துக்கிட்டு இருக்கும், யூடியூப்ல தேடுனா பத்து வீடியோ பத்து வழி சொல்லும், எல்லாத்துலயும் போல்ட் சமத்தா கழண்டு வந்துரும். அந்த வீடியோவுக்கெல்லாம் வேற வேற போல்ட் இருக்கு, நமக்கு இருக்கறது ஒண்ணே ஒண்ணு. அதனால ஒரு வழி வேலை செய்யுமா செய்யாதான்னு மட்டும் பாத்தா பத்தாது, அது தோத்துப் போச்சுன்னா அடுத்த வழிக்கு அந்த போல்ட்டுல என்ன மிச்சம் இருக்கும்னும் பாக்கணும். நான் வரிசைப்படுத்துறது அந்த கணக்குலதான், எது சுலபம்ங்கிற கணக்குல இல்ல.

கையில சாமான எடுக்கறதுக்கு முன்னாடி ரெண்டு விஷயம் பாத்துக்கங்க. ஒண்ணு, எந்த மாதிரி மொட்டை. வெளி ஆறு பக்கமும் வழுவழுன்னு உருண்டு போச்சா, இல்ல ஸ்டார் ஸ்க்ரூ, ஆலன் கீ மாதிரி உள்குழி தேஞ்சு போச்சா, இல்ல தலை நல்லா இருக்கு ஆனா போல்ட் சும்மா சுத்திக்கிட்டே இருக்கு வெளிய வரலியா (இது மரை போன கேஸ், இதுக்கு மத்த வழி எதுவும் உதவாது, கடைசில ஆயில் டிரெயின் போல்ட்டுல இதுக்கு வர்றேன்), இல்ல ஏற்கனவே தலை முறிஞ்சு உள்ள கெடக்கா. நாலும் நாலு வியாதி, மருந்து வேற வேற. ரெண்டாவது விஷயம்தான் ரொம்ப முக்கியம், அந்த போல்ட் எதுக்குள்ள போயிருக்கு? கேலிப்பர் பிராக்கெட்டு, லோவர் ஆர்ம், எக்ஸாஸ்ட் பைப் ஃபிளாஞ்சுன்னா தைரியமா விளையாடலாம், ஏன்னா ஆகாத பட்சத்துல அந்த சாமானையே ஹாஃப்கட் கடைல, அதாவது பழைய காடியப் பிரிச்சு சாமான் விக்கற கடைல, செகண்ட் ஹேண்டா வாங்கிப் போட்டுரலாம். எஞ்சின் பிளாக்கு, சிலிண்டர் ஹெட்டு, கியர்பாக்ஸ் மூடி, இதெல்லாம் பெரும்பாலும் அலுமினியம், இங்க மரையக் கெடுத்துட்டா அப்புறம் போல்ட்ட மறந்துரலாம், எஞ்சினப் பத்திதான் பேச்சு.

எண்ணெய்ல ஆரம்பிப்போம், இதுக்கு எதிரா யாரும் வாதாட மாட்டாங்க, இது அடுத்த வழிக்கான எந்தக் கதவையும் மூடாது. ஆனா எந்த எண்ணெய்ங்கறதுல பேச்சு இருக்கு. எல்லார் வீட்டுலயும் இருக்கற நீல மஞ்சள் டப்பா டபிள்யூடி-40 அடிப்படைல ஈரத்தைத் தள்ளிவிடறதுக்குன்னு வந்தது, லேசான துருவுக்கு ஓகே, கெட்டியா புடிச்சதுக்கு பெனட்ரேட்டிங் ஆயில்னு தனியா எழுதியிருக்கற டப்பாதான் வேணும், அதே கம்பெனிலயும் அது தனி டப்பாவா வருது. ஆட்டோ கியர் ஆயில் ஏடிஎஃப்பும் அசிட்டோனும் பாதிக்குப் பாதி கலந்து அடிக்கறவங்களும் இருக்காங்க, நல்லாவே இறங்கும், ஆனா அசிட்டோன் சட்டுன்னு தீப்புடிக்கும், அத அடிச்ச இடத்துல அப்புறம் நெருப்பு காட்டுற யோசனையே வரக்கூடாது. எந்த டப்பாவா இருந்தாலும் அடிச்ச அஞ்சாவது நிமிஷம் ஸ்பானர் போட்டு இழுக்கறதுல பிரயோஜனம் இல்ல. சாயங்காலம் அடி, தலைல சுத்தியலால நேரா நாலு தட்டு தட்டு, தூங்கப் போறதுக்கு முன்னாடி திரும்ப அடி, காலைல பாரு. அந்த சுத்தியல் தட்டு சும்மா இல்ல, மரைக்குள்ள இருக்கற துருவ உடைக்கறதே அந்த அதிர்ச்சிதான், எண்ணெய் போறதுக்கு வழி விடும்.

பினாங்குல இருக்கறவங்களுக்கு இது இன்னும் பொருந்தும். நமக்கு பனி கிடையாது, ரோட்டுல உப்பு கொட்டறது கிடையாது, அதனால வெளிநாட்டு வீடியோல காட்டுற மாதிரி மொத்த காடியும் துருவா போகாது. ஆனா தஞ்சோங் தோக்கோங் பக்கம் கடல பாத்து நிக்கற பிளாட்டுல வருஷக்கணக்கா வெளிய பார்க் பண்ணுன காடியும், ஆயர் ஈத்தாம்ல உள்ள தள்ளி நிக்கற காடியும் ஒரே வயசா இருந்தாலும் அடில படுத்துப் பாத்தா வித்தியாசம் தெரியும். உப்புக் காத்து போல்ட் தலைய அரிச்சு அரை மில்லி சின்னதாக்கிடும், அப்புறம் 14 மில்லி சாக்கெட் போட்டா லொங்காரா ஆடும், அந்த ஆட்டத்துலயே மொட்டையாகும்.

சாக்கெட்னு சொன்னதால சொல்றேன், துருவ விட போல்ட்ட அதிகமா கெடுக்கறது பன்னெண்டு முனை சாக்கெட்தான். அது போல்ட்டோட மூலைகிட்ட மட்டும்தான் புடிக்கும், ஆறு முனை சாக்கெட் பக்கத்தப் புடிக்கும், அதனால கெட்டியான போல்ட்டுக்கு ஆறு முனை இல்லாம கையே வைக்கக்கூடாது. ஜப்பான் வழி வந்த காடிங்க, அதாவது பழைய புரோட்டோன் சாகா, வீரா, பெரோடுவா எல்லாம், ஹோண்டா, தோயோத்தா, இதுல பெரும்பாலும் தலை 10, 12, 14, 17, உள்ள இருக்கற போல்ட் வரிசையா எம்6, எம்8, எம்10, எம்12 (எம் பக்கத்துல இருக்கற நம்பர் தண்டோட தடிப்பு, மில்லில). ஐரோப்பா காடிங்கள்ல 13, 16, 18னு வரும். வோக்ஸ்வேகன் வச்சிருக்கற கூட்டாளிகிட்ட கடன் வாங்குன 13 சாக்கெட்ட பெரோடுவா மைவி 12 போல்ட்டுல மாட்டி "கொஞ்சம் லூசா இருக்கு, பரவால்ல"ன்னு இழுக்கறதுதான் பாதி கதையோட முதல் அத்தியாயம்.

சரி, உருண்டு போச்சு. இப்ப என்னோட முதல் தேர்வு, ஒரு சைஸ் சின்ன ஆறு முனை சாக்கெட்ட அடிச்சு இறக்கறது. 10 தலைக்கு 9 இல்லன்னா அங்குல செட்டுல 3/8 (அது 9.5 மில்லி), 12க்கு 11 இல்ல 7/16 (11.1 மில்லி), 14க்கு 13 இல்ல 1/2 (12.7 மில்லி), 17க்கு 16 இல்ல 5/8 (15.9 மில்லி). அந்த அங்குல சாக்கெட் இங்க யாருக்கும் வேணாத சாமான், அதனால லோரோங் கூலிட் பழைய சாமான் சந்தைல, ஸ்டேடியம் பக்கத்துல காலைல போடுவாங்களே அங்க, கும்பல்ல தேடுனா சில்லறை காசுக்கு கெடைக்கும், அதுக்குன்னே ரெண்டு மூணு வாங்கி வைக்கலாம். புது செட்ட எடுத்து அடிக்காதீங்க, அடிச்ச சாக்கெட் திரும்பப் பழைய மாதிரி இருக்காது, போல்ட்டும் உள்ளயே மாட்டிக்கும், அப்புறம் பின் பக்கத்துலருந்து பஞ்ச் போட்டு அடிச்சு எடுக்கணும். இந்த வழி தோத்தாலும் தலை முழுசா இருக்கு, என்ன இன்னும் கொஞ்சம் உருண்டிருக்கும், அவ்வளவுதான். கதவு எதுவும் மூடல.

அதுக்கும் முறுக்கு சாக்கெட்டுக்கும், அதாவது உள்ள சுருளா பல்லு வச்ச நட் எக்ஸ்ட்ராக்டருக்கும், எது நல்லதுன்னு ஒரு சண்டை உண்டு. முறுக்கு சாக்கெட் கழட்டுற திசைல திருப்பத் திருப்ப தலையக் கடிச்சுக்கிட்டே இறங்கும், மொட்டையா உருண்டு போனதையும் புடிக்கும், அடிச்சு இறக்குன சாக்கெட்ட விட கை சுகம். குறை என்னன்னா அது உயரமா இருக்கும், கேலிப்பர் பின்னால, ஆல்டர்னேட்டர் அடில, இந்த மாதிரி இடுக்குல நுழையாது, அப்புறம் ஆன்லைன்ல ஷாப்பில வர்ற ரொம்ப மலிவு செட்டுல பல்லு மெதுவான இரும்பா இருந்தா அந்தப் பல்லே மழுங்கிரும், போல்ட் சிரிச்சுக்கிட்டு நிக்கும். நான் என்ன சொல்வேன்னா, காடி வேலைய பழக்கமா செய்யிறவங்க ஒரு நல்ல செட்ல காசு போடலாம், வருஷத்துக்கு ஒரு தடவ எஞ்சின் ஆயில் மட்டும் மாத்துறவங்களுக்கு பழைய 5/8 சாக்கெட்டும் ஒரு கனமான சுத்தியலும் போதும். ஒண்ணு மட்டும் கவனம், ரெண்டுலயும் பேட்டரி இம்பேக்ட் துப்பாக்கிய உடனே மாட்டாதீங்க, நீளமான பிரேக்கர் பார் போட்டு மெதுவா எடை குடுங்க, கை உணரும், போல்ட் நகருதா இல்ல சாக்கெட் வழுக்குதான்னு. துப்பாக்கிக்கு அந்த உணர்ச்சி கிடையாது.

வைஸ் கிரிப், அதாவது புடிச்ச புடியிலயே லாக் ஆகற பிளையர், எல்லார்கிட்டயும் இருக்கும், எல்லாரும் முதல்ல எடுக்கறதும் அதான், எனக்கு அதுல அவ்வளவு நம்பிக்கை இல்ல. கெட்டியா இறுக்கி முடியிற அளவுக்கு இறுக்கி ஒரே இழுப்புல போச்சுன்னா சந்தோஷம், வழுக்குச்சுன்னா ஒவ்வொரு வழுக்கலுக்கும் தலைல ஒரு சுத்து சீவிடும், நாலு தடவ வழுக்குனா முறுக்கு சாக்கெட்டுக்குக் கூட இரும்பு மிச்சம் இருக்காது. தலை உயரமா வெளிய நிக்கணும், கிரிப்போட வாய் நேரா புடிக்க இடம் வேணும், போல்ட் சின்னதா இருக்கணும், எம்6, எம்8 அளவுக்கு. கேலிப்பர் பிராக்கெட் போல்ட் மாதிரி சுமார் 100 நியூட்டன் மீட்டர் டார்க் போட்டு இறுக்குனத வைஸ் கிரிப்பால கழட்டப் போறேன்னு நிக்கறது வீண் முயற்சி. மாறா, தலை இல்லாம வெறும் தண்டு மட்டும் வெளிய நீட்டிக்கிட்டு இருக்கற இடத்துல அதுதான் ராஜா, அதுக்கு அப்புறம் வர்றேன்.

உளி வச்சு தலையோட ஓரத்துல ஒரு வெட்டு வெட்டி, கழட்டுற திசைல சாய்ச்சு அடிக்கறது பழைய போமனுங்க, அதாவது மெக்கானிக்குங்க, வழி. அசிங்கமா இருக்கும், ஆனா அதிர்ச்சியும் திருப்பமும் சேந்து குடுக்கறதால பெரிய போல்ட்டுக்கு வேலை செய்யும், பக்கத்துல அலுமினியம் இல்லன்னா செய்யலாம். கிரைண்டர்ல தலைல கோடு கிழிச்சு தட்டை ஸ்க்ரூட்ரைவர் போடறது சின்ன ஸ்க்ரூக்கு மட்டும்தான், 14 தலைல கோடு கிழிச்சு ஸ்க்ரூட்ரைவர் திருப்பி யாராவது கழட்டுனத நான் பாத்ததில்ல, அந்தக் கோடு தலைய ரெண்டா பிளந்து வச்சிட்டுப் போகும். அதுவும் பிளாட்டு கார் பார்க்ல கிரைண்டர் எடுத்தா முதல் நிமிஷத்துலயே ஜாகா (காவலாளி) வந்துருவாரு, அதையும் கணக்குல எடுத்துக்கங்க.

இப்ப நெருப்பு. அலுமினியம் சூட்டுல இரும்ப விட கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு விரியும், அதனால அலுமினியத்துக்குள்ள இருக்கற இரும்பு போல்ட்டுன்னா சுத்தி இருக்கற அலுமினியத்த சூடாக்கணும், போல்ட்ட இல்ல. இரும்புக்குள்ள இரும்புன்னா நட்ட, இல்ல போல்ட் போற அந்த பிராக்கெட்ட சூடாக்கணும், போல்ட்டயே சூடாக்குனாலும் ஆறும்போது சுருங்கி துரு ஒட்டு உடையும், அதுவும் லாபம்தான். சூடா இருக்கும்போது மெழுகுவத்திய மரை ஓரத்துல தேச்சா உருகி உள்ள இழுத்துக்கும், கேக்க கதை மாதிரி இருக்கும் ஆனா நல்ல வித்தை. சிகப்பு லோக்டைட் (மரை கழராம ஒட்டி வைக்கற பசை) போட்டு இறுக்குனதுக்கு நெருப்பத் தவிர வேற வழியே இல்ல, சுமார் 250 டிகிரிக்கு மேல போனாத்தான் அது விடும். சமையல்கட்டு பியூட்டேன் டார்ச் எம்8 வரைக்கும் சமாளிக்கும், அதுக்கு மேல பெரிய பிராக்கெட்ட அதால சூடாக்கவே முடியாது, சூடு எல்லாம் பக்கத்து இரும்பு உறிஞ்சிக்கும்.

நெருப்பு அடுத்த வழிய மூடாது, ஆனா பக்கத்துல இருக்கறத எரிச்சிடும். பிரேக் ஹோஸ், கேலிப்பர் ரப்பர் பூட், ஏபிஎஸ் சென்சர் வயர், பால் ஜாயிண்ட் ரப்பர், வீல் பேரிங் சீல், பெட்ரோல் லைன். கேஸ் அடைச்ச அப்சார்பர் உடம்புல நெருப்ப காட்டவே கூடாது. இதுல பலபேருக்குத் தெரியாத ஆபத்து ஒண்ணு, பிரேக் கிளீனர் ஸ்ப்ரே. சிலதுல குளோரின் கலந்த கரைப்பான் இருக்கும், அத அடிச்சு காயாம நெருப்போ வெல்டிங்கோ காட்டுனா பாஸ்ஜீன்னு விஷவாயு வரும், முதல் உலகப் போர்ல ஆளக் கொல்ல பயன்படுத்துன அதே வாயு. டப்பா பின்னால படிச்சுப் பாருங்க, குளோரோன்னு ஏதாவது பேர் இருந்தா அன்னைக்கு நெருப்பு வேலை கிடையாது.

ஹோண்டாக்காரங்களுக்குத் தனியா ஒரு பத்தி எழுதியே ஆகணும். முன் டிஸ்க்க புடிச்சிக்கிட்டு ரெண்டு ஸ்டார் ஸ்க்ரூ இருக்கும், எம்6, தலை குழிஞ்சு உக்காந்திருக்கும், தயாரிச்ச நாள்ல இறுக்குனது பத்து நியூட்டன் மீட்டர் கூட இருக்காது, ஆனா சில வருஷம் பிரேக் சூடும் மழைத்தண்ணியும் பட்டதும் வெல்டிங் வச்ச மாதிரி ஒட்டிக்கும். இது ஜப்பான் ஸ்டார், நம்ம வீட்டு பிலிப்ஸ் ஸ்க்ரூட்ரைவர் இல்ல, பிலிப்ஸ் நுனி அந்தக் குழிக்குள்ள முழுசா உக்காராது, அழுத்தித் திருப்புனா மேல ஏறி குழிய தேச்சிட்டு வெளிய வந்துரும். இங்க சரியான சாமான் அடிச்சுத் திருப்புற இம்பேக்ட் டிரைவர், பின்னால சுத்தியலால அடிச்சா நுனி உள்ள அமுங்கிக்கிட்டே கொஞ்சம் இடது பக்கம் திரும்பும், மூணாம் நம்பர் ஸ்டார் பிட் போட்டு, அடிக்கறதுக்கு முன்னாடி டிரைவரோட உடம்ப இடது பக்கம் கையால முறுக்கிப் புடிச்சுக்கிட்டு, பயப்படாம ஓங்கி ஒரு அடி. "டிங்"னு சத்தம் வந்தா இன்னும் புடிச்சிருக்கு, "டக்"னு மந்தமா வந்தா விட்டுருச்சுன்னு அர்த்தம், காதுக்கே தெரியும். குழி ஏற்கனவே தேஞ்சிருந்தா நேரம் கடத்தாதீங்க, 8 மில்லி டிரில் பிட்டு போட்டு தலைய மட்டும் எடுத்துருங்க, தலை போனதும் டிஸ்க் கழண்டு வரும், மிச்சம் தண்டு ஹப்புல நீட்டிக்கிட்டு நிக்கும், அப்ப இழுப்பு எதுவும் இல்லாததால வைஸ் கிரிப் போட்டா சில சமயம் விரலுக்கே சுத்தும். முன்னால சொன்ன ராஜா இதுதான். அந்த ஸ்க்ரூ திரும்பப் போடாட்டியும் டிஸ்க் எங்கயும் போகாது, வீல் நட்டுதான் அத ஹப்போட சேத்து இறுக்கிப் புடிக்குது, ஸ்க்ரூ டயர் கழட்டுனப்ப டிஸ்க் விழாம இருக்கறதுக்குத்தான்.

ஆலன் கீ குழி தேஞ்சதுக்கு, அத விடக் கொஞ்சம் பெரிய டோர்க்ஸ் (ஆறு முனை நட்சத்திர) பிட்ட அடிச்சு இறக்குங்க, அவ்வளவுதான். குழிக்கு மேல ரப்பர் பேண்ட் வச்சு ஸ்க்ரூட்ரைவர அழுத்தித் திருப்புற வித்தை டேஷ்போர்டு உள்ள இருக்கற ஸ்க்ரூக்கு ஓகே, எஞ்சினுக்கு இல்ல.

அடுத்தது தலை முறிஞ்ச கேஸ், இங்கதான் எனக்கு உறுதியான அபிப்பிராயம் இருக்கு. கடைல போய் கேட்டா ஈஸி அவுட் செட்ட எடுத்துக் குடுப்பாங்க, போல்ட் நடுவுல ஓட்டை போட்டு அந்த இடது சுருள் கம்பிய உள்ள முறுக்குனா கடிச்சுக்கிட்டு போல்ட்ட வெளிய கொண்டு வரும்னு. யோசிச்சுப் பாருங்க, முழு தலை இருந்தப்ப நீள பார் போட்டு கழட்ட முடியாம முறிஞ்ச போல்ட்டு அது, அத அதோட நடுவுல நுழையிற குச்சி கம்பி கழட்டுமா? அதுவும் கூம்பா இருக்கற கம்பி உள்ள போகப் போக போல்ட்ட வெளிப்பக்கமா விரிச்சு மரையோட இன்னும் இறுக்கும். கம்பி கெட்டியான, உடையிற ரக இரும்பு, உள்ள முறிஞ்சா சாதாரண டிரில் பிட்டு அதுல ஒரு கீறல் கூட போடாது, கார்பைட் வேணும், இல்லன்னா மெஷின் ஷாப்புல மின்பொறி வச்சு அரிச்சு எடுக்கணும். நான் பாத்த வழிகள்லயே எல்லாக் கதவையும் ஒரே தடவைல சாத்துறது இதுதான். கீழ் வீட்டுத் தம்பி ஒரு நாள் மேல வந்து, "அண்ணே, ஈஸி அவுட் வாங்கியாச்சு, எந்த சைஸ் ஓட்டை போடணும்"னு கேட்டான், "மொதல்ல அத பொட்டிலயே வை தம்பி, போல்ட் எங்க முறிஞ்சிருக்குன்னு சொல்லு"ன்னேன். தெர்மோஸ்டாட் ஹவுசிங், எம்6, தண்டு கொஞ்சம் வெளிய தெரிஞ்சது. ஹவுசிங்க வெளிய எடுத்துட்டு நெருப்பும் வைஸ் கிரிப்பும் போட்டே முடிஞ்சது, அந்த செட்டு இன்னும் பொட்டிலதான் இருக்குன்னு நினைக்கிறேன்.

ஈஸி அவுட் எப்ப சரின்னா, போல்ட் துருவால ஒட்டாம ஓவரா இறுக்குனதால முறிஞ்சிருந்தா. அப்ப மரை ஃப்ரீயா இருக்கும், லேசா கடிச்சாலே வந்துரும். டிரில் போட்டே ஆகணும்னா சாதாரண பிட்டுக்கு பதிலா இடது சுத்து டிரில் பிட்ட வாங்குங்க, டிரில்ல ரிவர்ஸ்ல ஓட்டணும், ஓட்டை போடும்போதே சூடும் இழுப்பும் சேந்து பல சமயம் போல்ட் தானா சுத்தி வெளிய வந்துரும், ஈஸி அவுட் தேவையே படாது. எதுவா இருந்தாலும் சென்டர் பஞ்ச் நடுவுல விழணும், எம்8 போல்ட்டுல ஒன்றரை மில்லி ஓரம் போனா மரையத் தொட்டுரும். மெதுவான சுத்து, எண்ணெய், கோபால்ட் பிட்டு. எல்லாம் தோத்து முழுசா டிரில் பண்ணி எடுக்கறதா இருந்தா எம்6க்கு 5.0, எம்8க்கு 6.8, எம்10 சன்ன மரைக்கு 8.8 மில்லி, அதுக்கு மேல போகாதீங்க, மிச்சம் இருக்கற மரை தோல கூரான பிக் கம்பியால சுரண்டி எடுத்து டேப் போட்டு சுத்தம் பண்ணலாம். மரையும் போச்சுன்னா ஹெலிகாயில், அதாவது புதுசா மரை வெட்டி உள்ள வைக்கற கம்பிச்சுருள் மரை, போடலாம், அலுமினியத்துக்கு அது பழைய மரைய விட உறுதியாவே நிக்கும்.

ஈஸி அவுட்டுக்கு நேர் எதிர், நட் வச்சு வெல்டிங் அடிக்கறது. முறிஞ்ச தண்டு மேல ஒரு நட்ட வச்சு நட்டோட ஓட்டைக்குள்ள வெல்டிங் நிரப்பறது. புதுத் தலை கெடைக்குது, போல்ட் நடுவுல நெருப்பு போய் மரை ஒட்டு விடுது, ரெண்டும் ஒரே வேலைல. தோத்தா நட்டு மட்டும் பிஞ்சு வரும், தண்டு அப்படியே இருக்கும், திரும்ப இன்னொரு நட்டு வைக்கலாம், ரெண்டாவது மூணாவது தடவைல வர்றது சகஜம், ஏன்னா ஒவ்வொரு சூடும் இன்னும் கொஞ்சம் விடுவிக்குது. இரும்பு வெல்டிங் கம்பி அலுமினியத்தோட ஒட்டாதுங்கறதால சிலிண்டர் ஹெட்டுல கூட துணிஞ்சு செய்வாங்க. முலாம் பூசுன நட்டு வேணாம், சிங்க் புகை உடம்புக்கு ஆகாது, கருப்பு நட்டு போடுங்க. பேட்டரி நெகட்டிவ்வ கழட்டிட்டு, வெல்டிங் எர்த்த போல்ட் பக்கத்துலயே மாட்டணும், கரண்ட் வேற வழியா எஞ்சின் கம்ப்யூட்டரான ஈசியூவையோ பேரிங்கையோ தேடிப் போகக்கூடாது.

சிக்கல் என்னன்னா வீட்டுல யாருகிட்ட வெல்டிங் மெஷின் இருக்கு? அதனாலதான் நான் வெல்டிங்கையும் போமனையும் ஒரே வழியா பாக்கறேன். ஜெலுத்தோங் பக்கம், பிறை பக்கம் எல்லாம் கேட் கம்பி அடிக்கற வெல்டிங் கடைங்க நிறைய, சாமான கழட்டி கைல கொண்டு போக முடிஞ்சா, அதாவது பிராக்கெட்டு, ஹவுசிங், நக்கிள், பத்து நிமிஷ வேலைன்னு சின்ன காசு வாங்கிக்கிட்டு அடிச்சுக் குடுத்துருவாங்க. காடியோட ஒட்டிக்கிட்டு இருக்கற போல்ட்டுன்னா வர்க்‌ஷாப்தான், ஓட்டிப் போக முடியாத நிலமைனா இழுத்துட்டுப் போற காசும் சேரும், இல்ல வீட்டுக்கு வர்ற போமன தேடணும்.

போமன்கிட்ட போறதுல நேரம்தான் எல்லாம். தலையோட, லேசா உருண்ட போல்ட்டோட போனா, அவரு கையில நூறு தடவ பழகுன வேலை, சில சமயம் பேட் மாத்துற கூலியோட சேத்து ஒண்ணும் கேக்க மாட்டாரு. எல்லா வழியும் தீந்து, தலை சீவி, கோடு கிழிச்சு, உள்ள ஈஸி அவுட் முறிஞ்சு கெடக்கற காடியோட போனா சீன போமன் குனிஞ்சு பாத்துட்டு, "போஸ், லூ சுடா போத்தோங் கெபாலா, மாச்சாம் மானா சாயா மாவ் பெகாங்?"னு கேப்பாரு, தலையவே வெட்டிட்டு வந்துட்டியே நான் எதப் புடிக்கறதுன்னு. அப்புறம் அவரு சொல்ற விலையில அவரு தப்பு ஒண்ணும் இல்ல. என் கணக்குப்படி எண்ணெய், சின்ன சாக்கெட், முறுக்கு சாக்கெட், நெருப்பு, இந்த நாலும் வீட்டுல. அதுக்கப்புறம் தலைய வெட்டுற, ஓட்டை போடுற எந்த வேலையும், போல்ட் எஞ்சின் அலுமினியத்துல இருந்தா, போமன் வேலை. பிராக்கெட்டுல இருந்தா நீங்க பாத்துக்கங்க.

இன்னொரு வழி நம்ம நாட்டுல மலிவு, போல்ட்ட விட்டுட்டு சாமானையே மாத்தறது. ஜப்பான்லருந்து வந்த ஹாஃப்கட் கடைங்க, உள்ளூர் காடிங்கள பிரிக்கற கடைங்க புக்கிட் மெர்தாஜம் பக்கம் போனா வரிசையா இருக்கு. பழைய சாகா, வீரா, மைவி கேலிப்பர் பிராக்கெட் போல்ட்டோட சேத்தே கெடைக்கும். ரெண்டு நாள் விடுமுறைய ஒரு போல்ட்டுக்குத் தின்னக் குடுக்கறதுக்கு அது எவ்வளவோ தேவல. ஆனா பிரேக் பாகத்த செகண்ட் ஹேண்ட்ல வாங்குனா ஸ்லைட் பின் ஃப்ரீயா ஓடுதா, விரிசல் இருக்கான்னு கடையிலயே பாத்து வாங்குங்க, பிராக்கெட் வெறும் இரும்பு, அத வாங்கலாம், பிஸ்டன் இருக்கற கேலிப்பர நான் பழசு வாங்க மாட்டேன்.

ஆயில் டிரெயின் போல்ட் மட்டும் வேற கணக்கு. அது உருண்டு போச்சுன்னா அன்னைக்கே போராட வேண்டிய அவசியம் இல்ல, ஆயில மேல டிப்ஸ்டிக் ஓட்டை வழியா பம்ப் வச்சு உறிஞ்சி எடுத்து புது ஆயில் ஊத்திட்டு, காடிய ஓட்டிக்கிட்டே போமன்கிட்ட போகலாம். சும்மா சுத்திக்கிட்டு வெளிய வராத டிரெயின் போல்ட்டுன்னா, தலைக்கு அடில தட்டை ஸ்க்ரூட்ரைவர் நுனிய விட்டு வெளிய நெம்பிக்கிட்டே திருப்பணும், மிச்சம் இருக்கற மரை அந்த இழுப்புல கவ்வும். அப்புறம் சம்ப்ல (எஞ்சின் அடில ஆயில் நிக்கற தொட்டி) ஹெலிகாயிலா, ஓவர்சைஸ் போல்ட்டா, புது சம்பான்னு யோசிக்கணும், ஓவர்சைஸ் தானா மரை வெட்டிக்கிட்டு போற ரகம் கோணலா போனா ஆயில் சொட்டிக்கிட்டே இருக்கும், அதனால எனக்கு ஹெலிகாயில் தான்.

நாள் பாத்து ஆரம்பிங்க, இது மூடநம்பிக்கை இல்ல. சீனப் பெருநாளுக்கு முந்தின நாள் பிரேக்க பிரிச்சு வச்சுட்டு போல்ட் மொட்டையாச்சுன்னா பல நாளுக்கு போமனும் இல்ல, சாமான் கடையும் இல்ல, வெல்டிங் கடையும் இல்ல. தைப்பூசத்துக்கு தண்ணீர்மலை பக்கம் ரோடெல்லாம் அடைச்சிருப்பாங்க, அந்தப் பக்கம் இருக்கறவங்க டோ டிரக்க கூப்பிட்டாலும் உள்ள வராது. சனிக்கிழமை காலைல ஆரம்பிச்சா மதியம் வரைக்கும் கடை தொறந்திருக்கும், ஞாயித்துக்கிழமை ஆரம்பிக்கறவங்களுக்கு திங்கக்கிழமை வேலைக்கு கிராப் டாக்சிதான்.

கழண்டு வந்த போல்ட்ட திரும்பப் போடாதீங்க. அளவு, மரை, நீளம் மூணும் பாத்து, தலைல 10.9ன்னு (அது போல்ட்டோட உறுதி நம்பர்) இருந்தா 10.9ஏ வாங்குங்க, ஹார்ட்வேர் கடைல கெடைக்கற 8.8 சைஸ்ல சரியா உக்காந்தாலும் பிரேக்குக்கும் சஸ்பென்ஷனுக்கும் வேணாம், அதுக்கு ஸ்பேர் பார்ட்ஸ் கடைலயே ஒரிஜினல் கேளுங்க. மரைய பித்தளை பிரஷ்ல தேச்சு, பிராக்கெட் போல்ட்டுல மேனுவல் லோக்டைட் போடச் சொன்னா நீலம், எக்ஸாஸ்ட் போல்ட்டுல ஆண்டி சீஸ் (மரை ஒட்டிப் புடிக்காம இருக்கத் தடவுறது). ஆண்டி சீஸ் தடவுன போல்ட்டுக்கு அதே டார்க் போட்டா நிஜத்துல அதிகமா இழுக்கும், கொஞ்சம் குறைச்சுக்கணும். அத ஸ்லைட் பின்னுல தடவிராதீங்க, அதுக்கு சிலிகான் கிரீஸ், வேற டப்பா.